சனிக்கிழமைப் பசு

எங்கள் அத்தையின் பசு சனிக்கிழமைகளில் அடுத்தவர் பாவத்தைத் தின்று, ஞாயிறு முதல் வெள்ளி வரை எங்கள் வீட்டுக்குப் பால் கொடுத்தது. இப்படிச் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. ஆனால் நடந்தது அதுதான்.

திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்து முழுகுவார்கள். உடுத்தியிருந்த துணியைக் கரையிலேயே விட்டுவிடுவார்கள். எள் விளக்குப் போட்டு, சனி பகவானைக் கும்பிட்டு வெளியே வரும்போதும், இன்னும் ஏதோ ஒன்று தலையில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் அவர்களுக்குத் தோன்றும். அப்படித் தோன்றுகிற இடத்தில்தான், கோயில் தெருவின் வளைவில், அத்தை பசுவோடு நிற்பாள். பக்கத்தில் ஈரச் சாக்குக்கு அடியில் அகத்திக்கீரைக் கட்டுகள் இருக்கும். ஒரு கட்டு வாங்கிப் பசுவுக்குக் கொடுத்து, அதன் பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் அந்த மிச்சமும் போய்விடும் என்பது நம்பிக்கை. கட்டு விற்ற காசு அத்தைக்கு. கீரை பசுவுக்கு. பால் மறுநாள் காலை டீக்கடைக்கும் எங்கள் வீட்டுக்கும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நான் பிறந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாமாவின் அப்பா பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அவர்களுடைய பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களைக் காரைக்கால் பக்கம் 'சொல்தா' என்பார்கள். அந்த வழியில் மாமாவுக்கும் பிரான்சுக்குப் போகிற உரிமை இருந்தது. கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவர் போய்விட்டார். அங்கே ஏதோ ஓர் ஊரில் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. காகிதம் சரியானதும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு தடவை லீவில் வந்தார். காகிதம் மட்டும் வரவில்லை. மாமியாரும் செத்துப்போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்க முடியாது என்று அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். வந்தபோது ஒரு தகரப் பெட்டியும் கையில் நான்கு வளையலும் இருந்தனவாம். எனக்கு நினைவு தெரிந்தபோது வளையல் மூன்றுதான். நான்காவதைக் கொடுத்துத்தான் பசுவை வாங்கியிருந்தாள், கன்றுக்குட்டியாக.

அப்பாவுக்கு இருந்தது முக்கால் காணி நிலம். அதில் நெல். வரப்பு யாருக்கும் உபயோகமில்லாமல் கிடந்தது. அத்தை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வரப்பு நெடுக அகத்தி விதை ஊன்றி, வெயிலில் குடத்தால் தண்ணீர் சுமந்து ஊற்றி, ஒரே வருஷத்தில் என் தலைக்கு மேல் வளர்த்துவிட்டாள். ஆள் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கழி அரிவாளோடு போய்க் கொப்புகளை இழுத்து அறுப்பாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து வாழைநாரில் கட்டுக் கட்டுவோம். அன்றைக்குப் பசுவுக்கு அரை வயிறுதான் தீனி. மறுநாள் கோயில் தெருவில் பசியோடு நின்றால்தானே வருகிறவர்கள் கொடுப்பதைச் சந்தோஷமாக வாங்கித் தின்னும். இது ஏமாற்று வேலையா என்று ஒரு தடவை கேட்டேன். விரதம்டி, என்றாள் அத்தை. கும்புட வர்றவங்களும் பட்டினி, வாங்கித் திங்கறவளும் பட்டினி.

தங்கை தெருவில் உட்கார்ந்து கீரை விற்பது அப்பாவுக்கு முதலில் பெரிய அவமானமாக இருந்தது. சொந்தக்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று சாப்பிடும்போதெல்லாம் தட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். பிறகு ஒரு மார்கழியில் விடாமல் மழை பெய்து, கதிர் பழுத்த பயிர் அப்படியே சாய்ந்து, நெல் தண்ணீருக்குள்ளேயே முளைத்துவிட்டது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அகத்தியாலும் பாலாலும்தான். அதற்குப் பிறகு அப்பா அவமானத்தைப் பற்றிப் பேசவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அரிவாளைத் தீட்டி வைத்துவிட்டு, தான் தீட்டியதாகக் காட்டிக்கொள்ளாமல் எங்கேயாவது போய்விடுவார்.

எனக்குச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. அத்தையோடு போய்விடுவேன். அவள் விற்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மற்றவர்கள் வாங்க வாங்க என்று கத்திக் கூப்பிடுவார்கள். அத்தை கூப்பிட மாட்டாள். வருகிறவர்களைப் பார்த்து லேசாகச் சிரிப்பாள். பசு திரும்பிப் பார்க்கும். அவர்கள் நின்றுவிடுவார்கள். பசு தின்னாமல் விட்ட கட்டை மறுபடி எடுத்து அடுத்தவருக்கு விற்கிற பழக்கம் அந்தத் தெருவில் சிலருக்கு உண்டு. அத்தை அதை மட்டும் செய்ய மாட்டாள். "ஒருத்தர் பாவத்த இன்னொருத்தர் தலையில கட்டக் கூடாதுடி," என்பாள். வேடிக்கையாகச் சொல்கிறாளா நிஜமாகவே சொல்கிறாளா என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

ஒரு தடவை கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். தலையில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, புது வேட்டியின் மடிப்புக் கலையவில்லை. மத்தியானம் ஆகியிருந்தது. பசு காலையிலிருந்து தின்று சலித்துப் போயிருந்தது. அவர் கட்டை நீட்டினார். பசு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. இந்தப் பக்கம் வந்து நீட்டினார். அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. பின்னால் நின்ற அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். என் கையால் வாங்க மாட்டேங்குதே, என்றார் அவர், சின்னப் பிள்ளை மாதிரி.

அத்தை எழுந்து அவர் கையிலிருந்த கட்டை வாங்கிக்கொண்டாள்.

"அது பாவத்தப் பாத்துத் திங்கறதில்லீங்க. பசியப் பாத்துத்தான் திங்குது. வயிறு நெறஞ்சு போச்சு. சாயங்காலம் உங்க பேரச் சொல்லி நான் குடுக்கறேன். பேரு சொல்லிட்டுப் போங்க."

அவர் பேர், நட்சத்திரம், மனைவி பேர், பிள்ளைகள் பேர் எல்லாம் சொன்னார். அத்தை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். சும்மா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். சாயங்காலம் கொட்டகையில் பசுவைக் கட்டிவிட்டு, தனியாக எடுத்து வைத்திருந்த அந்தக் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பேராகச் சொல்லிச் சொல்லி ஊட்டினாள். ஒரு பிள்ளையின் பேர் மறந்துபோய் என்னைக் கேட்டாள். எனக்கும் நினைவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தச் சின்னப் புள்ளைக்கு," என்று சொல்லி மிச்சக் கீரையைக் கொடுத்தாள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது மாசி மாதத்தில் காகிதம் வந்தது.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா கேசரி கிளறினாள். அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அத்தை அந்தக் காகிதத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படிக்கத் தெரியாத எழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். பசு அப்போது நிறை சினை. நான் பின்னாலேயே போனேன். அவள் பசுவின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். என்ன கேக்குது அத்த, என்றேன். "உதைக்குதுடி. அவசரத்தப் பாரு," என்றாள்.

பங்குனியில் ஒரு விடியற்காலை கன்று பிறந்தது. இதற்கு முன் இரண்டு ஈத்திலும் காளைக் கன்றுதான். கிடேரி பிறக்க வேண்டும் என்று அத்தை வருஷக்கணக்காக ஆசைப்பட்டிருந்தாள். கிடேரி இருந்தால் இரண்டாவது பசு. இரண்டாவது பசு இருந்தால் சனிக்கிழமை ஒன்றை மாற்றி ஒன்றை நிறுத்தலாம், பாலும் ஒரு நாளும் நிற்காது. இதையெல்லாம் என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது கிடேரியே பிறந்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் விபூதி இட்டதுபோல் வெள்ளை. எழுந்து நிற்கப் பார்த்து நான்கு காலும் நான்கு பக்கம் போய் விழுந்தது. அத்தை வைக்கோலால் அதைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள், துடைத்துக்கொண்டே அழுதாள். நான் என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டேன். "பேரு வேணாம். பேரு வச்சா அப்பறம் கால் நவுராது," என்றாள். யாருடைய கால் என்று சொல்லவில்லை. கன்று அப்போதுதான் நிற்கப் பழகிக்கொண்டிருந்ததால், கன்றின் காலைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சித்திரைக் கடைசியில் கிளம்பினாள். அதற்கு முன்பு ஒரு மாதம் முழுக்க அம்மாவுக்குப் பாடம் நடந்தது. எப்போது தவிடு, எப்போது புண்ணாக்கு, கறக்கும்போது எந்தப் பக்கம் உட்கார வேண்டும், எந்தக் கொப்பை அறுக்கலாம், எதை விட வேண்டும். அம்மா எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். போகிற அன்றைக்கு வாசலில் கார் நிற்கிறது, உள்ளே அப்பா ஏறி உட்கார்ந்துவிட்டார், அத்தை மட்டும் கொட்டகையில் இருந்தாள். கூப்பிடப் போன என்னைத் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணுவேன். பசு எப்படி இருக்கு, கன்னு எப்படி இருக்குன்னு நீதான் எனக்குச் சொல்லணும். அண்ணிக்கு மாட்டப் பத்தித் தெரியாது."

சரி அத்த, என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. பெரிய பொறுப்பு ஒன்று கிடைத்த பெருமைதான் இருந்தது. கார் திரும்பி மறைந்த பிறகு, இனி சனிக்கிழமைக்கு யார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

சனிக்கிழமைக்கு அம்மாதான் போனாள். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, கீரைச் சாக்குக்குப் பின்னால் முக்கால்வாசி மறைந்து உட்கார்ந்தாள். யாராவது பக்கத்தில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டாள். வந்தவர்கள், விற்கிறவள் யார் என்று தெரியாமல் அடுத்த பசுவுக்குப் போனார்கள். பசுவோ அத்தையைத் தேடி இரண்டு பக்கமும் கழுத்தை நீட்டி நீட்டிக் கத்தியது. கடைசியில் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து, விற்காமல் கிடந்த கட்டுகளில் பாதியை யாருடைய பாவமும் ஒட்டாமல் தானே தின்று தீர்த்தது. வீட்டிலும் அப்படித்தான். அம்மா மடியில் கை வைத்தால் பாலை எக்கிக்கொண்டு விட மறுத்தது. ஒரு நாள் உதைத்ததில் அம்மாவின் மணிக்கட்டு வீங்கி, ஒரு வாரம் நான்தான் சோறு வடித்தேன். அடுத்த சனிக்கிழமை அம்மா போகவில்லை. அதற்கு அடுத்ததும் போகவில்லை. வரப்பில் அகத்தி அறுக்க ஆளில்லாமல் பூத்து, வெள்ளை வெள்ளையாகத் தொங்கியது.

ஆனி மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கொட்டகை கூட்டிச் சுத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தமாக அதை நான் பார்த்ததே இல்லை. போலகத்திலிருந்து ஒரு பால்காரர் வந்து, பசுவையும் கன்றையும் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார். கன்றைக் கட்டியிருந்த கயிறு மட்டும் முளைக்குச்சியில் கிடந்தது. அப்பா பின்கட்டில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அத்தகிட்ட சொல்லிப்புடாத பாப்பா. அங்க போயி ஒத்தையா உக்காந்து அழுவும்."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டதும், அம்மா வந்து எழுப்பியதும், அன்றைக்குக் கடைப் பாலில் போட்ட காபி என்னவோ போலிருந்ததும் நினைவிருக்கிறது.

அத்தை சொன்னபடி ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணினாள். அப்பாவிடம் ஒரு செல்போன் இருந்தது. எங்கள் வீட்டில் கைபம்புக்குப் பக்கத்தில் நின்றால்தான் அதில் சரியாகக் கேட்கும். அங்கே மத்தியானச் சமையல் முடிகிற நேரம் இங்கே சாயங்காலமாக இருக்கும். அப்பா இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு அம்மா வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். சரி, சரி, விடு, என்பாள். உடனே போனை என்னிடம் கொடுத்துவிடுவாள். எனக்குத் தெரிந்த விசேஷம் பொங்கலும் தீபாவளியும், பக்கத்து வீட்டுக் காதுகுத்தும்தான். ஒவ்வொரு வாரமும் கேட்டும் ஒரு விசேஷமும் இல்லாத ஊரில் அத்தை எப்படித்தான் இருக்கிறாளோ என்று பாவமாக இருக்கும். அதனால் அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று பசுவைப் பற்றி நிறையச் சொன்னேன்.

பசுவை விற்ற பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. நல்லா இருக்கு அத்த, என்று மட்டும் சொன்னேன். பிறகு பழகிவிட்டது. பசு வாளி நிறையக் கறக்கிறது என்றேன். கன்று அம்மாவின் சேலையைத் தின்றுவிட்டது என்றேன். சனிக்கிழமை ஒரு சினிமாக்காரர் வந்து பத்துக் கட்டு வாங்கினார் என்றேன். யாரு, என்று அத்தை கேட்டாள். கண்ணாடி போட்டிருந்தார், சரியாகத் தெரியவில்லை, என்றேன். அத்தை சிரித்தாள். அவள் சிரித்தால் அன்று முழுக்க எனக்குச் சாமர்த்தியம் பொங்கிக்கொண்டு வரும். வாரம் முழுவதும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குடை பிடித்துக்கொண்டு கைபம்புக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கமாகக் கேட்பதைக் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். அன்றைக்கு அத்தையின் குரல் சளி பிடித்த மாதிரி இருந்தது. அங்கேயும் மழையா என்று கேட்டேன். இல்லை, குளிர் என்றாள். ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜன்னல் என்றாள்.

"கன்னுக்குட்டி பக்கத்துல நிக்குதா?"

நிக்குது அத்த, என்றேன்.

"ஒரு தடவ கத்தச் சொல்லேன். கேக்கணும்போல இருக்கு."

கொட்டகையில் அப்போது அப்பாவின் உர மூட்டைகளும் ஓட்டைச் சைக்கிளும் கிடந்தன. இருங்க அத்த, கூட்டிட்டு வர்றேன், என்று சொல்லி, குடையைக் கீழே வைத்து, அங்கேயே நாலு தப்படி நடப்பதுபோல் தண்ணீரில் காலைச் சளக் சளக்கென்று வைத்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டேன். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மூக்கால், கழுத்தை நீட்டி, அந்தக் கன்று பசியில் கத்துவது மாதிரியே கத்தினேன்.

"ம்மா...."

மழைச் சத்தம்தான் கேட்டது. போச்சு, கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்போது அத்தை பேசினாள்.

"இன்னொரு தரம்."

இன்னொரு தரம் கத்தினேன். இந்தத் தடவை நன்றாகவே வந்தது. நல்லா இருக்குடி, தலையத் தொவட்டு, மழையில நிக்காத, என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். உள்ளே ஓடி வந்து அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நானே சிரித்துக்கொண்டேன். கூட்டத்துக்கு நடுவிலும் தன் மாட்டின் குரலைத் தெரிந்துகொள்கிற அத்தையையே ஏமாற்றிவிட்டேன்.

அதிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அது உண்டு. பேசி முடித்த பிறகு, வைப்பதற்கு முன்னால், அவள் கேட்பாள். நான் கன்றைக் கூட்டி வருவேன்.

தை மாதத்தில் திருமலைராயன் பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, அடம் பிடித்து அப்பாவைப் போலகத்துக்கு அழைத்துப் போனேன். கன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்தால்தானே சொல்கிற பொய்யை ஒழுங்காகச் சொல்ல முடியும். பால்காரர் வீட்டில் ஏழெட்டு மாடுகள் நின்றன. எங்கள் பசு ஓரமாக நின்றது. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நான் கூப்பிட்டேன். காதை ஆட்டியது. பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன். வெறும் கையை முகர்ந்து பார்த்து, கோயில் தெருவில் யாரோ ஒருவரிடமிருந்து திருப்புவது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கன்றைக் கூடுதல் விலைக்குக் கேட்டார்கள் என்று பால்காரர் வெளியூருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதேன். அப்பா பார்க்காதது மாதிரி டிக்கெட்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கன்றுக்குக் கொம்பு முளைக்கிறது என்று அத்தையிடம் சொன்னேன்.

ஏறக்குறைய இரண்டு வருஷம் இப்படி நடந்தது. ஏழாம் வகுப்பின் கடைசியில் நான் பெரியவளானேன். கைபம்புப் பக்கம் நின்று கத்த வெட்கமாக இருந்தது. எதிர் வீட்டு மாடியில் பையன்கள் வேறு படித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை கேட்டபோது, சட்டென்று சொல்லிவிட்டேன்.

"கன்னுக்குட்டி இப்ப பெருசாயிடுச்சு அத்த. முன்ன மாதிரி கத்தறதில்ல."

"ஆமாடி. வளந்துட்டா கூப்புடாதுதான்," என்றாள் அத்தை.

அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி, பரீட்சையைப் பற்றிப் பேசினோம். ஊருக்கு இரண்டு தடவை வந்து போனாள். இரண்டு தடவையும் கொட்டகைப் பக்கம் போகவில்லை, பசுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் குளிருக்குப் போடுகிற நீலச் சட்டை ஒன்று வாங்கி வந்திருந்தாள். எங்கள் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நின்றபோது, பொத்தான் ஒவ்வொன்றையும் அவளே மாட்டிவிட்டாள், மேலிருந்து கீழ் வரை, அவசரமில்லாமல். பிரான்சுக்குப் போனதும் பசுவை மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அத்தை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவளும் மாமாவும் மட்டும்தான். போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். என் கணவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அத்தையை இரண்டு வருஷம் ஏமாற்றிய கதை என்று எங்கள் வீட்டில் அது பிரசித்தம். மழையில் காலைச் சளக் சளக்கென்று வைத்ததை எழுந்து நடித்துக் காட்டினேன். கத்தியும் காட்டினேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா மட்டும் மொச்சைப் பயறு உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ எங்க ஏமாத்தின? வித்த மறு வாரமே உங்கப்பா அவகிட்டச் சொல்லிட்டாரே. மனசு கேக்கல அவருக்கு. அவதான், சின்னப் புள்ள ஆசையாச் சொல்லுது, நீங்க ஒண்ணும் கேட்டுக்காதீங்க அண்ணேன்னுட்டா."

அம்மா மறுபடி மொச்சை உரிக்க ஆரம்பித்தாள். என் கணவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில், மூக்கால் இழுத்து ம்மா என்று கூப்பிட்டுவிட்டு, போனைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்பேன். அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம்கூட வராது. லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு போனைத் தட்டித் தட்டிப் பார்ப்பேன். "அத்த, இருக்கீங்களா?" என்று கேட்பேன்.